மௌன ஜெபத்தில் இரையும் கித்தார்

எங்கள் கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் கொஞ்ச நேரம் மௌன ஜெபம் நடக்கும். எங்கள் போதகரான ஐயர் தலையைக் குனிவார், சபை முழுக்கத் தலை குனியும். மின்விசிறிகள் சுற்றும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொன்றும் கேட்டது. ‘ம்ம்ம்ம்’ என்று தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல், சபையில் இருந்த யாரையும்விட ஊன்றி ஜெபித்துக்கொண்டிருந்தது என் எலக்ட்ரிக் கித்தார்.

வால்யூமைக் குறைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். குறைத்தேன். ஆனால் ஜெபம் முடிந்ததும் வரும் பாட்டு என் கித்தாரில்தான் தொடங்குகிறது. தனியாக, மெல்லிய நாலு சுரங்கள். அதற்காக வால்யூமை ஏற்றியதும், முதல் சுரத்துக்கு முன்பே இரைச்சல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்து, சுவரிலிருந்த டியூப்லைட்டைப் பார்த்தார். பாவம், அவர் பார்த்தது பாதி சரிதான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கொயர் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவர், கீபோர்டும் அவர்தான் வாசிப்பார். கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படிப் பேசுவார்.

“ஊரே வாயை மூடுனாலும் ஒன் கித்தார் மட்டும் ஜெபத்தை நிறுத்த மாட்டேங்குதே, ஏம்மா?”

“சரி பண்ணிர்றேன் சார்.”

“இதத்தான் போன பண்டிகைக்கும் சொன்ன. இங்க பாரு, அசனப் பண்டிகைக்கு வெளியூர்லருந்தெல்லாம் சனம் சாப்பிட வரும். அன்னைக்கும் இது இரைஞ்சா அதோட சரி. கீபோர்டுலயே கித்தார் சத்தம் இருக்கு. பட்டனை அமுக்குனா வந்துட்டுப் போகுது.”

பட்டன் என்றாரே, அதுதான் சுட்டது. நான் விரல் நுனி காய்த்துப்போகக் கற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பதில் ஒரு பட்டன். அந்த மாஸ்டரிடம் மட்டுமல்ல, அந்தப் பட்டனிடமும் தோற்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். விருதுநகர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்களுக்கு ஆசிலோஸ்கோப் காட்டிவிட்டு, சொந்தக் கித்தாரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. அன்று சாயங்காலமே எட்டுத் திருகாணிகளைக் கழற்றி, முகப்புத் தகட்டைப் புரட்டிப் போட்டேன். மூன்று பிக்கப்புகள், மூன்று திருகுகள், ஒரு சுவிட்ச், நூடுல்ஸ் போல வயர்கள்.

அம்மா டூட்டி முடிந்து நர்ஸ் சேலையோடு வந்து நின்று பார்த்தாள்.

“வயித்தக் கிளிச்சுப் போட்டிருக்கியே, தைக்கத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரியும்னு சொல்றவுக கைலதான் கேஸு கெட்டுப்போகும்,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பிக்கப் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் துளி மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைப் பெரிதாக்கும். சிக்கல் என்னவென்றால், காயிலுக்குத் தந்தியும் தெரியாது, டியூப்லைட்டும் தெரியாது. அருகில் எந்தக் காந்தப்புலம் ஆடினாலும் அதற்கு அது பாட்டுதான். டியூப்லைட்டின் சோக், ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர், கோயில் மதிலுக்கு வெளியே ஓடும் மின்கம்பி எல்லாம் சேர்ந்து பாடியதுதான் அந்த ‘ம்ம்ம்ம்’.

முதலில் குற்றம் பிக்கப்பின் மேல்தான் என்று முடிவு கட்டினேன். பாலிடெக்னிக் போகிற பஸ்ஸில் சூலக்கரை தாண்டுகிறவரை போனில் பிக்கப் விவரங்களாகவே வாசித்தேன். இந்த பிக்கப் ஆறு கிலோ ஓம், அந்த பிக்கப் எட்டு கிலோ ஓம். இது அல்நிகோ காந்தம், அது செராமிக் காந்தம். எண்கள் முடிந்ததும் வர்ணனை தொடங்கும். ‘கண்ணாடி போன்ற உச்சம்.’ ‘வெண்ணெய் போன்ற நடு.’ எனக்குப் பசிதான் எடுத்தது. எங்கள் ஊர்க் காதுக்கு அதை நானே எழுதிப் பார்த்தேன். தந்திகள் வந்து முடியும் பாலத்துப் பக்கத்து பிக்கப், எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுகிற மாதிரி. கழுத்துப் பக்கத்தது, கருப்பட்டிக் காப்பி ஆறுகிற மாதிரி. நடுவில் இருப்பது, ஒன்றுமே சொல்லாமல் தலையாட்டுகிற உறவினர் மாதிரி.

மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். மூன்றும் ஏறக்குறைய ஆறு கிலோ ஓம். எந்தக் குறையும் இல்லை. ஓம் எண்ணை வைத்து இசையைச் சொல்ல முடியாது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிசு என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். ஒருவரின் எடையைச் சொல்லிவிட்டு, அவர் குரலைத் தெரிந்துகொள்ளச் சொல்வது போலத்தான் அது.

புது பிக்கப் வேண்டாம், இருப்பதையே திருத்தலாம் என்று தீர்மானித்தேன். இரண்டு காயில்களைச் சேர்த்து, ஒன்றை எதிர்த்திசையில் இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். என் சுவிட்சில் ஐந்து இடங்கள் உண்டு. இரண்டாவதிலும் நான்காவதிலும் நடு பிக்கப்பும் பக்கத்து பிக்கப்பும் ஒன்றாக வேலை செய்யும். நடு பிக்கப்பின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அரை நிமிட வேலை. மாற்றிச் சால்டர் வைத்து, ஆம்பில் சொருகினேன்.

‘ம்ம்ம்ம்’ நின்றுவிட்டது.

துள்ளினேன். உடனே என் தோழிக்கு வீடியோ கால் போட்டேன். அவள் எம். புதுப்பட்டி என்ற ஊர்க்காரி. நாங்கள் ஒரே ஹாஸ்டலில் இருந்தோம். அவள் பிரிண்டிங் படித்துவிட்டு, சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் லேமினேஷன் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். பட்டாசுப் பெட்டிகளின் லேபிள் பளபளப்பு அவள் கையைத் தாண்டித்தான் ஊர் ஊராகப் போகிறது.

“கேளு,” என்று வாசித்தேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். “சத்தம் நின்னுபோச்சு, சரி. கித்தாருக்குச் சளி பிடிச்சிருக்கே.”

“என்னடி சொல்ற?”

“மூக்கால பாடுது புள்ள. நல்லா கேளு. அந்தப் பளைய எஸ்டிடி பூத்துல எங்க சித்தப்பா பேசுன மாதிரி இருக்கு.”

அவள் சொன்னது சரி. இரைச்சலோடு அடித்தந்தியின் கனமும் போயிருந்தது. என் அவசரம்தான் காரணம். வயரைத் திருப்பினால் இரைச்சல் மட்டும் திரும்பாது, தந்தியின் சத்தமும் சேர்ந்து திரும்பும். அதுவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் சத்தம் தப்ப வேண்டுமானால் நடு பிக்கப்பின் காந்தத்தையும் புரட்டிப் போட வேண்டும். டியூப்லைட்டுக்கு நம் காந்தத்தோடு சம்பந்தமில்லை, தந்திக்கு உண்டு. காந்தமும் கம்பியும் இரண்டும் திரும்பினால், தந்தியின் சத்தம் இரண்டு முறை திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துகொள்ளும். இரைச்சல் மட்டும் ஒரு முறை திரும்பி அழியும்.

நல்லவேளையாக என்னுடையது விலை குறைந்த கித்தார். விலை உயர்ந்த பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிக் காந்தம் காயிலுக்குள் புதைந்திருக்கும், தொட்டால் கம்பி அறுந்துவிடும். என்னுடையதில் அடியில் ஒரே ஒரு செராமிக் பட்டை, பசை போட்டு ஒட்டியது. பிளேடு நுனியால் மெல்ல நெம்பி எடுத்து, புரட்டி ஒட்டினேன். முன்பு இரண்டு பிக்கப்புகளை முகத்துக்கு முகம் காட்டினால் ஒன்றையொன்று தள்ளின. இப்போது டக்கென்று ஒட்டிக்கொண்டன.

“சண்ட போட்ட சம்பந்திக ராசியான மாதிரி இருக்கு,” என்றாள் தோழி போனில்.

பூட்டி வாசித்தேன். கனம் திரும்பியிருந்தது. அதோடு, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் வருகிற ஒரு தண்ணீர்த் தெளிவு. மெல்லிய நாலு சுரங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் அந்தக் கித்தாரில் இல்லை. பாட்டின் தொடக்கம் இனி சுவிட்சின் நான்காவது இடத்தில்தான் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

ஆனால் கையைத் தந்தியிலிருந்து எடுத்தேன். ‘ர்ர்ர்ர்’ என்றது.

இது வேறு சத்தம். பழையது ஆழமாக இரைந்தது, இது மெலிதாக அரித்தது. தந்தியைத் தொட்டால் நிற்கிறது, விட்டால் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு வந்திருந்தபோது காட்டினேன். அவளே தொட்டும் விட்டும் பார்த்தாள்.

“இது எங்க அம்மா வேல பாக்குற பட்டாசுக் கம்பெனி வாசல்ல வச்சிருக்க செம்புத் தகடு மாதிரில்ல இருக்கு. அதத் தொட்டுட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள போகணும். தொடாம போனா ஃபோர்மேன் பேயாட்டம் ஆடுவாரு.”

அதே சங்கதிதான். உடம்பில் சேருகிற மின்சாரம் தகடு வழியாகத் தரைக்குப் போகிறது. இங்கே சுற்றிலும் இருக்கிற மின்சார இரைச்சலை என் உடம்பே ஏரியல் போல வாங்கி, கித்தாரின் திறந்த வயிற்றுக்குள் கொட்டுகிறது. தந்தியைத் தொட்டால் தரைக்குப் போய்விடுகிறது. தொடாதபோதும் அடங்கியிருக்க வேண்டுமானால், அந்தக் குழி முழுக்க உலோகத் தாள் ஒட்டி, அதைத் தரைவயரோடு சேர்க்க வேண்டும். உலோகத்தால் ஆன ஓர் அறைக்குள் பிக்கப் வயர்களைக் குடிவைப்பது போல.

“உலோகத் தாளா?” என்று சிரித்தாள். “எங்க பிரஸ்ஸுல வெட்டுன ஓரமே வண்டி வண்டியாக் கிடக்கு. எம்புட்டு வேணும்?”

அடுத்த வாரமே கொண்டுவந்தாள். வெள்ளித் தாள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கூடவே வீட்டில் பட்டாசுக் குழல் சுற்றக் காய்ச்சிய மைதாப் பசை ஒரு டப்பாவில். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, குழியின் ஒவ்வொரு வளைவுக்கும் அளந்து வெட்டி, ஒட்டி, நகத்தால் நீவினோம். அவள் கை அதில் தேர்ந்த கை. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. முடித்ததும் கித்தாரின் வயிறு சாமி சப்பரம் போல மின்னியது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பிறகு பூட்டினேன், சொருகினேன், கையை எடுத்தேன்.

‘ர்ர்ர்ர்.’

துளிகூடக் குறையவில்லை.

பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை பாடல் பயிற்சி. அங்கும் அதே. கொயர் மாஸ்டர் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி, என் நாலு சுரங்களையும் வாசித்துக் காட்டினார். இரைச்சலே இல்லை. உயிரும் இல்லை, ஆனால் அதை யார் கேட்கப் போகிறார்கள். பாடகர் குழுவில் ஒரு அக்கா, “நல்லாத்தான இருக்கு,” என்றார். நான் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, எது தப்பு, எது தப்பு என்று ஒவ்வொரு வயராக மனசுக்குள் நடந்து பார்த்தேன்.

மறுநாள் கித்தாரை ஆய்வகத்துக்கே கொண்டுபோய், இடைவேளையில் திறந்து மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை வெள்ளித் தாளின் இந்த ஓரத்திலும் மறு முனையை அந்த ஓரத்திலும் வைத்தேன். மின்சாரம் ஓடினால் மீட்டர் ‘பீப்’ என்னும். சொல்லவில்லை. ஒரே துண்டின் மேல், விரலளவு தள்ளி வைத்தேன். அப்போதும் இல்லை. நகத்தால் சுரண்டினேன். மேலே ஒரு பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. நாங்கள் அத்தனை அழகாக ஒட்டியது உலோக அறை இல்லை, லேமினேஷன் போட்ட காகிதம்.

வேறு ஊர்க்காரன் கடையில் போய் அலுமினியத் தாள் கேட்டிருப்பான். எங்களுக்கு வெள்ளி என்றாலே லேபிள்தான். மின்னுவதெல்லாம் பிரஸ்ஸிலிருந்து வருகிறது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தாளுக்குத் தோல் போர்த்துவதுதான் தோழியின் வேலையே. அதை அவளும் மறந்தாள், மின்சாரம் படித்த நானும் சோதிக்காமல் ஒட்டினேன்.

போனில் அவளிடம் சொன்னேன். “தோல் போடுறதுக்குத்தான எனக்குச் சம்பளமே. ஏ புள்ள, நம்மளப் போல ரெண்டு கூமுட்டைக இந்தச் சில்லாவுலயே கிடையாது,” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், “நாளைக்கு மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு வாறேன். அம்புட்டையும் பிச்சுப் போட்டு முதல்லருந்து ஒட்டுவோம்,” என்றாள்.

சனிக்கிழமை கோயில் வளாகமே அடுப்பும் அண்டாவுமாக இருந்தது. அசனம் என்றால் சபையார் கொண்டுவந்த அரிசியும் கறியும் ஒன்றாகச் சமைத்து, எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது. வர முடியாத நோயாளிகளுக்கும் வயசாளிகளுக்கும் பார்சல் போகும். பார்சல் பொறுப்பு கொயர் மாஸ்டரிடம். பாரிஷ் ஹாலில் ஒரு மேஜையில் அட்டை டப்பாக்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புத்தம்புது அலுமினியத் தாள் உருளைகள்.

“சார், இதுல ஒண்ணு வேணும்.”

“சோறு நாளைக்குத்தானம்மா?”

“சோத்துக்கில்ல சார். கித்தாருக்கு.”

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “கித்தாரையும் பார்சல் கட்டப் போறியா? நல்ல முடிவு.”

“பண்டிகை வரைக்கும்னு சொன்னீகள்ல சார். பண்டிகை நாளைக்குத்தான்.”

அவர் ஓர் உருளையை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார்.

ஷிஃப்ட் முடிந்து தோழி வந்ததும் அந்த ஹாலின் மூலையிலேயே உட்கார்ந்து, பழைய தாளை எல்லாம் பிய்த்தோம். முதலில் புதுத் தாளில் மீட்டரை வைத்தேன். ‘பீப்.’ தோழி, “அப்பாடி,” என்றாள். இந்த முறை அவசரப்படவில்லை. மைதாப் பசை மின்சாரத்தைத் தடுக்கும், அதனால் துண்டுகள் சேரும் இடத்தில் பசை போடாமல், இரண்டு ஓரங்களையும் சேர்த்து, புடவை ஓரம் மடிப்பது போல மடித்து நசுக்கினோம். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது. எனவே தரைவயரை ஒரு வாஷருக்கு அடியில் வைத்துத் திருகாணியால் இறுக்கினேன். ஒவ்வொரு மூலைக்கும் மீட்டர். ஒவ்வொரு மூலையும் ‘பீப்.’ பார்வைக்கு அது கசங்கிய பரோட்டாப் பொட்டலம் போல இருந்தது. போட்டோ எடுக்கவில்லை.

பூட்டி, சொருகினேன். ஒரு சத்தமும் இல்லை. தந்தியைத் தட்டினேன். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை.

மேஜையிலிருந்து கொயர் மாஸ்டரின் குரல் வந்தது. “இப்பத்தாம்மா ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே வச்சுக்க.”

சபையார் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது, ஆனால் கை நிற்கவில்லை. வயர் சொருகும் ஜாக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஜாக்கின் உயிர்முனை பின்னால் இருந்த தாளில் போய் முட்டிக்கொண்டிருந்தது. பாட்டு மொத்தமும் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மறுபடி பூட்டினேன். தட்டினேன். சுரம் வந்தது. கையை எடுத்தேன்.

அண்டா கிளறும் சத்தம் கேட்டது. ஹாலுக்கு வெளியே யாரோ வெங்காயம் கேட்கும் குரல் வந்தது. ஆம்பிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. தோழி என் முதுகில் ஓர் அடி வைத்தாள். வலித்தது.

மறுநாள் கோயில் நிரம்பி, வாசல் வரை சனம். சுவர் முழுக்க சீரியல் விளக்கு வேறு. போன மாதம் என்றால் அத்தனை விளக்கும் என் கித்தார் வழியாகப் பாடியிருக்கும். பிரசங்கம் முடிந்து ஐயர் தலை குனிந்தார். சபை குனிந்தது. சுவிட்ச் நான்காவது இடத்தில். வால்யூம் முழுதாக. கையைத் தந்தியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான்.

‘ஸ்ஸ்ம்ம்ம்’ என்று மெலிதாக ஏதோ இரைந்தது.

பாடகர் குழுவில் இரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. கொயர் மாஸ்டரும் பார்த்தார். அந்தப் பார்வையில் பட்டன் தெரிந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே ஆம்பின் வால்யூம் திருகை அடிவரை திருப்பினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. வயரையே கித்தாரிலிருந்து உருவினேன். அப்போதும் இருந்தது. அவர் புருவம் சுருங்கியது. கணக்கு வாத்தியார் அல்லவா, மிச்சம் எது என்று கழித்துப் பார்க்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, தன் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார்.

நின்றுவிட்டது. இத்தனை நாளும் என் இரைச்சலின் நிழலில் அதுவும் இரைந்துகொண்டிருந்திருக்கிறது. அடாப்டராக இருக்கலாம் என்று தோன்றியது.

திருகு அடியில் இருந்ததால் வயரைச் சத்தமில்லாமல் சொருக முடிந்தது. அதை மறுபடி பழைய இடத்துக்கு ஏற்றினேன். மின்விசிறிகள் சுற்றின. வேறொன்றும் இல்லை. அந்த மௌனத்துக்குள் நாலு சுரங்களையும் ஒவ்வொன்றாக வைத்தேன். முதல் சுரத்துக்கு முன்னால் யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டின் முதல் அடி முழுக்கக் கித்தாரும் குரல்களும் மட்டுமே போயின. இரண்டாவது அடியில்தான் அவர் கீபோர்டைப் போட்டார்.

பந்தியில் தோழியும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பார் வாளியோடு வந்த கொயர் மாஸ்டர் என் இலைக்கு முன்னால் நின்றார். ஊற்றவில்லை.

“அந்த அலுமினியத் தாள் மிச்சம் இருக்கா?”

“இருக்கு சார். ஆனா ஒங்களுக்குத் தாள் வேண்டியிருக்காது. மொதல்ல அடாப்டர மாத்திப் பாப்போம். புதன்கிளம மீட்டர் கொண்டாறேன்.”

“வியாளக்கிளமல்ல பயிற்சி?”

“ஒரு நா முன்னாடியே வாங்க சார். நீங்க வாசிக்கறதுக்கு முன்னால பாத்துருவோம்.”

அவர் சாம்பாரை ஊற்றினார், இலை கொள்ளாத அளவுக்கு. தோழி என் காதில், “ஏ புள்ள, கீபோர்டு வயித்துல மட்டும் எங்க பிரஸ்ஸு தாள ஒட்டிராத,” என்றாள்.